பரிணாமப் பாடம், ஆதாம் ஏவாள், பிரம்மா: டியூஷன் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

வண்ணை டியூஷன் அக்கா:

பழைய வண்ணாரப்பேட்டையில் மொட்டை மாடியில் ஷீட் போட்டு டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள், ஸ்டேட் போர்டு. பத்தாவது அறிவியலில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" பாடம் வந்தாலே எனக்கு நெருக்கடிதான். சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, மதரஸாவுக்குப் போகிற பிள்ளை, ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு மாணவி நேராகவே கேட்டுவிட்டாள்: "மிஸ், பரீட்சைக்கு டார்வின், ஞாயிற்றுக்கிழமைக்கு ஆதாமா? ரெண்டில் எது நிஜம்?" உடனே பின்னாலிருந்து ஒரு பையன், குரங்கிலிருந்து வந்தோம் என்றால் குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்று ஆரம்பித்தான், அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை.

மறுநாள் ஒரு அம்மா மாடி ஏறி வந்து, "மார்க்குக்கு மட்டும் சொல்லிக்கொடுங்க டீச்சர், மனசுல ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. பாடத்தை மழுப்ப எனக்கு மனசில்லை. பிள்ளை வீட்டில் போய் அம்மாவோடு மல்லுக்கு நிற்கவும் கூடாது. இங்கே வடசென்னை ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறீர்கள்?

பேசின்பிரிட்ஜ்:

அக்கா, சண்டையே வேண்டாம், தசாவதாரத்தைச் சொல்லுங்க. முதலில் மீன், அப்புறம் ஆமை, பன்றி, பாதி மிருகம் பாதி மனுஷனாக நரசிம்மம், குள்ளமான வாமனன், கடைசியில் முழு மனுஷன். திருவாசகத்திலும் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" என்று வரிசையாக வருகிறது. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் பிரச்சினை இல்லை, எல்லா மனுஷருக்கும் தாயான ஏவாளை மரபணுவை வைத்து விஞ்ஞானிகளே கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று புரிய வைத்தால் போதும்.

கொசஸ்தலை:

டீச்சர், நான் எண்ணூர். விலங்கியல் படித்தவன், என் பிள்ளைகளோடு இதே பேச்சைப் பலமுறை பேசியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். "மார்க்குக்கு மட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். எழுதுவது ஒன்று, நம்புவது வேறு என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

டார்வினிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், நம்ம ஆற்றிலிருந்து ஆரம்பியுங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறதே கொசஸ்தலை, அதன் மேற்பகுதியில் பூண்டி ஏரியைத் தாண்டி அத்திரம்பாக்கம் என்று ஒரு ஊர். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1863 மே மாதம் ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல் கைக்கோடரியைக் கண்டெடுத்தார், அதே வருடம் அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" வந்து நாலு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. நம் காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே மறுபடி அகழ்ந்தார்கள். அடியில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருடம் என்று 2011-இல் வெளியிட்டார்கள், மேலடுக்கில் கிடைத்த வேறு பாணிக் கருவிகள் சுமார் 3,85,000 வருடத்திலிருந்து தொடங்குகின்றன என்று 2018-இல் வந்தது. வயதை எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கல் தரைமேல் கிடக்கும்வரை விண்வெளிக் கதிர்கள் பட்டு அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு நிலையற்ற அணு வகைகள் உருவாகும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்ததும் புதிதாக உருவாவது நின்றுவிடும், ஏற்கனவே இருப்பது சிதையத் தொடங்கும், அதுவும் இரண்டும் வேறு வேறு வேகத்தில். மிச்சமிருப்பதன் விகிதத்தை அளந்தால் எப்போது புதைந்தது என்று தெரியும்.

இப்போது இதைக் கேளுங்கள். நம் இனத்துக்கு, அதாவது ஹோமோ சேப்பியன்ஸுக்கு, இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் வருடம். அப்படியானால் நம்ம ஆற்றங்கரையில் 15 லட்சம் வருடத்துக்கு முன் குவார்ட்சைட் கல்லை இரண்டு பக்கமும் கொத்தி, கைக்கு அடக்கமாகக் கோடரி செய்தது யார்? அத்திரம்பாக்கத்தில் அவர்களுடைய எலும்பு கிடைக்கவில்லை, கருவிதான் கிடைத்தது. காலத்தை வைத்துப் பார்த்தால் ஹோமோ எரெக்டஸ் என்ற முந்தைய இனத்தவராக இருக்கலாம். யோசிக்கத் தெரிந்த, கையால் வேலை செய்யத் தெரிந்த, ஆனால் நாம் அல்லாத யாரோ இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது என் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

குரங்குக் கேள்விக்கு வருகிறேன். பழைய ஒரு மொழியிலிருந்து இன்றைய தமிழும் மலையாளமும் பிரிந்து வந்தன. எந்த ஒரு நாளும் எந்த அம்மாவும் தனக்குப் புரியாத மொழி பேசுகிற பிள்ளையைப் பெறவில்லை, ஒவ்வொரு தலைமுறைக்கும் முந்தைய தலைமுறையின் பேச்சு புரிந்தது. ஆனாலும் இன்று இரண்டு மொழி. மலையாளம் ஏன் இன்னும் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சியும் நாமும் அப்படித்தான், சுமார் 60, 70 லட்சம் வருடத்துக்கு முன் இருந்த பொது மூதாதையரிடமிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். இன்றைய எந்தக் குரங்கும் நம் பாட்டன் கிடையாது.

ஆதாரம் கேட்டால் உடம்பிலேயே இருக்கிறது. நமக்கு 46 குரோமோசோம், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டானுக்கு 48. நம்முடைய இரண்டாம் குரோமோசோமைப் பார்த்தால், நுனியில் மட்டுமே இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசை நடுவில் கிடக்கிறது, ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய மையப்பகுதி (சென்ட்ரோமியர்) போக, செயலிழந்த இன்னொன்றின் மிச்சமும் இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்ட தடம் அது. இன்னொன்று வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தங்கள் உடம்பிலேயே தயாரிக்கும். நம்மிடம் அதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் பழுதாகி இருக்கிறது. சிம்பன்சிக்கும் மற்ற பல குரங்குகளுக்கும் அதே பழுதுதான். கினிப்பன்றிக்கும் அந்த மரபணு கெட்டிருக்கிறது, ஆனால் வேறு விதமாகக் கெட்டிருக்கிறது. தனித்தனியாகப் படைத்திருந்தால் ஒரே பழுதைப் பலருக்கும் அப்படியே வைப்பானேன்? என்னை ஒப்புக்கொள்ள வைத்தது இதுதான்.

பேசின்பிரிட்ஜ் தம்பி, உங்கள் நல்லெண்ணம் புரிகிறது, ஆனால் அந்த வழி வேண்டாம். திருவாசக வரியை முழுசாகப் படியுங்கள், பாம்புக்கு அப்புறம் "கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்" என்று போகிறது. ஓர் உயிர் எல்லாப் பிறவியும் எடுத்துக் களைத்து இறைவனிடம் முறையிடுகிறது, கேட்டாலே உருகும் பாட்டு. அதில் இனங்கள் மாறிய வரலாற்றைத் தேடினால் பாட்டும் போகும், பாடமும் போகும். தசாவதார விளக்கமும் டார்வினுக்குப் பின்னால் வந்தது, 1880-களில் வங்காளத்தில் பிரம்ம சமாஜத் தலைவர் கேசப் சந்திர சென் பேசியது. பரிணாமம் மீனில் தொடங்கி மனிதனில் முடிகிற ஏணியும் இல்லை, காசிமேட்டில் ஏலம் போகிற மீனும் நம்மைப் போலவே இன்றுவரை மாறிக்கொண்டு வந்த உயிர்தான். அப்புறம் அந்த ஏவாள். செல்லுக்குள் இருக்கும், தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் மைட்டோகாண்டிரியாவின் மரபணுவைப் பின்னோக்கித் தேடினால் ஆப்பிரிக்காவில் சுமார் ஒன்றரை, இரண்டு லட்சம் வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணில் போய் முடியும். அவள் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். மகன்களை மட்டும் பெற்றவளின் தாய்வழி அத்தோடு நின்றுவிடும் அல்லவா, அப்படி மற்ற வழிகள் ஒவ்வொன்றாக அற்றுப்போய் இது மட்டும் தங்கியது. அவளுக்கு ஏவாள் என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம்.

காசிமேடு விசைப்படகு:

நான் அதிகம் படிக்கலை, கடல்ல பாத்ததைச் சொல்றேன். ஓங்கில், அதான் டால்பின், நீந்துறதைப் பாத்திருக்கீங்களா? மீன் எல்லாம் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், ஓங்கில் மேலும் கீழும் அடிக்கும். மூச்சு விட மேலே வரும், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். ஏன் இப்படி என்று ரொம்ப நாள் யோசிச்சேன், மகள் பன்னிரண்டாவதில் உயிரியல் எடுத்த அப்புறம்தான் சொன்னாள், அதன் மூதாதை நாலு கால்ல தரையில ஓடினது, சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி தண்ணிக்குப் போச்சு என்று. நாய் ஓடும்போது முதுகு மேலும் கீழும் வளையுது பாருங்க, அந்த வளைவுதான் கடல்லயும் தொடருது. துடுப்புக்குள்ளே நம்ம கை மாதிரியே கை எலும்பு, மணிக்கட்டு, விரல் எலும்பு எல்லாம் இருக்கு. நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போறவன். இதைக் கேட்டு என் விசுவாசம் குறையலை, கடலைப் பாக்கிற பார்வைதான் கூடிச்சு.

கல்மண்டபம்:

நான் கத்தோலிக்கர், ராயபுரம். அந்த மாணவி எந்தச் சபை என்று தெரிந்தால் உதவும், ஏனென்றால் எல்லாக் கிறிஸ்தவரும் இதில் ஒன்று இல்லை. எங்கள் திருச்சபையில் 1950-லேயே போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்பதை ஆராயலாம், ஆன்மாவை மட்டும் இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்று எழுதிவிட்டார். 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் ஒரு கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார். மனித மரபணுத் தொகுப்புத் திட்டத்தின் தலைவராக இருந்த பிரான்சிஸ் காலின்ஸ் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த பக்தியான கிறிஸ்தவர், பரிணாமத்தை முழுசாக ஏற்பவர். ஆனால் நம் பகுதியில் எத்தனையோ பெந்தெகொஸ்தே சபைகளில் உலகம் ஆறு நாளில் உண்டானது, வயது ஆறாயிரம் வருடம் என்றே போதிக்கிறார்கள். அந்தக் கணக்கு பைபிளில் அப்படியே எழுதியிருப்பது இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் வம்ச வரிசைகளைக் கூட்டி கி.மு. 4004 என்று போட்ட கணக்கு அது.

அந்தப் பிள்ளையிடம் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். முதல் அதிகாரத்தில் விலங்குகள் முதலில், பிறகு ஆணும் பெண்ணும் சேர்ந்து. இரண்டாம் அதிகாரத்தில் முதலில் மனிதன், பிறகு விலங்குகள், கடைசியில் பெண். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு வரிசை மாறுவது தெரியாமலா இருந்திருக்கும்? கால அட்டவணை கொடுப்பது அவர்கள் நோக்கமாக இருந்திருக்காது. புனித அகஸ்டினே அந்த ஆறு நாள்களை நம் இருபத்துநாலு மணி நேர நாள்களாக எடுக்க வேண்டியதில்லை என்று எழுதியவர், அதுவும் டார்வினுக்குப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்.

பெரம்பூர் தோழர்:

எல்லாரும் இவ்வளவு மென்மையாகப் போவது எனக்கு ஒப்பவில்லை. மனிதத் தோற்றக் கதைகள் சாதுவானவை இல்லை டீச்சர். ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் முகத்திலிருந்து பிராமணன், காலிலிருந்து சூத்திரன் என்று சொல்கிறது. யார் மேலே, யார் கீழே என்று பிறப்பிலேயே எழுதி வைத்த கதை அது, அதன் பாரத்தை நம் தாத்தா பாட்டி சுமந்தார்கள், அந்தக் கதையில் இடமே இல்லாமல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இன்னும் அதிகமாகச் சுமந்தார்கள். பரிணாமம் சொல்வது ஒரே வம்சம். மரபணுவில் எந்த இரண்டு மனிதருக்கும் சுமார் 99.9 சதவீதம் ஒன்றுதான். இதனால்தான் சிங்காரவேலர் 1930-களில் குடி அரசு இதழில் அறிவியலைத் தமிழில் எளிமையாக எழுதினார், அதைப் படித்தவர்களில் தொழிலாளிகளும் இருந்தார்கள்.

2018-இல் ஒன்றிய இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் தவறு என்று பேசினார், நாட்டின் அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்தன. 2023-இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது தெரியவந்து, அதை எதிர்த்து 1,800-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது. அதை முழு மரியாதையோடு நடத்துங்கள், யாருக்காகவும் குரலைத் தாழ்த்தாதீர்கள்.

கொசஸ்தலை:

தோழர் சொல்வதில் பெரும்பகுதிக்கு நான் உடன்படுகிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். அறிவியலின் பெயராலும் மேல் கீழ் அளந்திருக்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தபோது ஆட்களைப் பிடித்து மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியல் போட்டார். ஃபூட் சேகரித்த கற்கருவிகளும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் இரண்டையும் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை லேப்:

சுருக்கமாக. பரிணாமத்தைக் கண்ணால் யாரும் பார்க்கவில்லை என்று சொல்பவர்களுக்கு டிபி மருந்தைக் காட்டுங்கள். நோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும், அதில் எங்கோ சிலவற்றுக்குத் தற்செயலான மாற்றத்தால் ஒரு மருந்து வேலை செய்யாது. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து அந்தச் சில கிருமிகள் மட்டும் பெருகும். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது அதுதான் நடந்தது, தேறியவர்கள் மறுபடி விழுந்தார்கள். ஒரே கிருமியில் எல்லா மருந்துக்கும் சேர்த்து எதிர்ப்பு இருப்பது மிக மிக அரிது, அதனால்தான் முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, மொத்தம் ஆறு மாதம். மாத்திரையை நடுவில் நிறுத்தாதே என்று நாங்கள் கெஞ்சுவது இயற்கைத் தேர்வு தெரிந்ததால்தான். நம்ம ஏரியாவில் எல்லா வீட்டுக்கும் புரியும் உதாரணம் இது.

மண்ணடி:

சகோதரி, என் கருத்து இங்கே பலரிடமிருந்து மாறுபடும். ஆதம் நபியை அல்லாஹ் களிமண்ணிலிருந்து படைத்தான் என்பது குர்ஆனில் திரும்பத் திரும்ப வருகிறது, நான் அதை நம்புகிறேன். செடி கொடி, விலங்கு, கிருமி எல்லாம் மாறி வந்தன என்பதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆதமை மட்டும் தனிப் படைப்பாக எடுக்கிறேன். முஸ்லிம் அறிஞர்களில் மனிதருக்கும் சேர்த்துப் பரிணாமத்தை ஏற்பவர்களும் உண்டு, முழுசாக மறுப்பவர்களும் உண்டு.

ஆனால் வேதத்துக்குள் அறிவியலைத் தேடிப்பிடித்து "எங்களிடம் அப்போதே இருந்தது" என்று சொல்வதை நானும் விரும்பவில்லை, எந்த மதத்தவர் செய்தாலும். அறிவியல் நாளைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும், அப்போது வசனத்துக்கும் புது அர்த்தம் தேடுவோமா? என் மகளும் பத்தாவதுதான். ஆதாரங்களை நன்றாகப் படி, என்ன சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாமல் மறுப்பது கோழைத்தனம் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வகுப்பில் மதத்தை இழுக்காமல் ஆதாரத்தை மட்டும் வைத்தால் எந்த நேர்மையான தகப்பனும் குறை சொல்ல மாட்டான்.

வண்ணை டியூஷன் அக்கா:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், டிபி உதாரணத்தையும் எடுத்துக்கொள்கிறேன். ஆதியாகம விஷயத்தை நான் வகுப்பில் சொன்னால் சரியாக இருக்காது, அது அந்த வீட்டுப் பெரியவர்கள் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டியது. அந்த அம்மாவை வரச்சொல்லியிருக்கிறேன், பாடம் நடத்தும்போது அவரும் மாடியில் உட்காரட்டும், நான் என்ன சொல்கிறேன் என்று நேரில் கேட்கட்டும். மாணவி "எது நிஜம்" என்று மறுபடி கேட்டால், உடம்பு எப்படி வந்தது என்பதற்குப் பாடப்புத்தகம் சொல்வதுதான் ஆதாரத்தோடு நிற்பது, கடவுள் இருக்கிறாரா, நாம் எதற்காக வாழ்கிறோம் என்பதை அந்தப் பாடம் அளக்கவில்லை என்று சொல்லப்போகிறேன். மண்ணடி அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? முதல் மனிதர் இரண்டே பேர்தான் என்றால் அதற்கு அறிவியலில் இடம் இருக்கிறதா என்று மதரஸாப் பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

மண்ணடி:

என் மகளும் இதையே கேட்டாள். பத்தாயிரம் பேர் என்று எங்கோ படித்தேன், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தெரியாது. எண்ணூர் அண்ணன் சொல்லட்டும். என் நம்பிக்கைக்கு இடிக்கும் என்றாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

கொசஸ்தலை:

கேட்டதற்கு நன்றி பாய், உள்ளதையே சொல்கிறேன். ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள், ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. இரண்டு பேர் என்றால் ஒரு மரபணுவுக்கு அதிகபட்சம் நாலு வகைதான் இருக்க முடியும். ஆனால் நோய் எதிர்ப்புக்கான எச்எல்ஏ மரபணுக்களில் இன்று மனிதரிடையே ஏராளமான வகைகள் இருக்கின்றன. அதில் சில வகைகள், அதே மரபணுவின் வேறு மனித வகைகளைவிட சிம்பன்சியிடம் இருக்கும் வகைக்கு நெருக்கமாக இருக்கின்றன. அப்படியென்றால் அந்த வேறுபாடுகள் நாம் பிரிவதற்கு முன்பே இருந்தவை, நான்குக்கும் மேற்பட்டவை அன்றிலிருந்து இன்றுவரை அறுபடாமல் கைமாறி வந்திருக்கின்றன. ஒரு பிறப்புக்குச் சுமார் 60, 70 புது மாற்றங்கள் வருகின்றன என்பதும் தெரியும். இன்றுள்ள மொத்த வேறுபாடு இந்த வேகத்தில் சேர வேண்டுமானால் எத்தனை பேர் பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் பத்தாயிரத்தை ஒட்டி வருகிறது. அது தலைகளை எண்ணிய கணக்கு இல்லை, நீண்ட காலச் சராசரி. பல லட்சம் வருடத்தில் மனிதக்கூட்டம் இரண்டு பேராகச் சுருங்கிய தடம் மரபணுவில் இல்லை. இதற்கு மேல் ஆதம் நபியை எப்படிப் புரிந்துகொள்வது என்பது நீங்களும் உங்கள் மகளும் பேச வேண்டியது, அதில் நான் சொல்ல எதுவும் இல்லை. பையனுக்கு நாலு நிறச் சோழிகளைக் கொடுத்து, இதிலிருந்து பத்து நிறம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் டீச்சர், கணக்கு அவனுக்கே பிடிபடும்.